ஸ்மார்ட் போர்ட் வந்திட்டு, இனி வகுப்புல என்ன செய்யிற?

தங்கச்சி, உங்கட கேள்விய நான் விளங்கின மாதிரி ஒருக்கா சொல்றன். மட்டக்களப்புல படுவான்கரைப் பக்கம் பள்ளிக்கூடம், நீங்க தரம் 9க்கும் 10க்கும் சயன்ஸ், வகுப்புல 34 பிள்ளையள். வெளிநாட்டுல இரிக்கிற பழைய மாணவர் காசு சேத்து ஒரு ஸ்மார்ட் போர்ட் தந்திரிக்காங்க, அதிபர் ஒவ்வொரு நாளும் பாவிங்க எண்டு நிக்கிறாரு. வீடியோ போட்டா பிள்ளையள் மூச்சுக் காட்டாம இரிக்குதுகள், ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா ஒண்டும் வருதில்ல. நெட் ஒழுங்கா இல்ல. ஃபோன், சாட்ஜிபிடி இதையெல்லாம் படிப்பிக்கிறதுக்குள்ள கொண்டு வரலாமா எண்டும் கேட்டிரிக்கீங்க.

முதல்ல அந்த மூச்சுக் காட்டாம இரிக்கிற விஷயம். பிள்ள அமைதியா இரிக்கிற எண்டா படிக்கிற எண்டு நாம எல்லாரும் நினைக்கிற, அதிபரும் அப்பிடித்தான் நினைப்பாரு, ஏனெண்டா வராந்தாவால போற ஆளுக்கு அது நல்ல வகுப்பாத்தான் தெரியும். ஆனா வீடியோ ஓடக்குள்ள வேலை செய்யிற ஆள் ஆர் எண்டு பாருங்க, வீடியோ செஞ்ச ஆள் செஞ்சு முடிச்சிட்டான், போர்ட் தன்ட வேலையச் செய்யிது, நீங்க பட்டன அமத்தினீங்க, பிள்ளைக்கு மட்டும் ஒரு வேலையும் இல்ல. எந்தச் சாமான் வகுப்புக்குள்ள வந்தாலும் நான் கேக்கிற கேள்வி இது ஒண்டுதான், இது வந்ததால பிள்ளைட மண்டைக்கு வேலை கூடினதா குறைஞ்சதா. அதோட இன்னொண்டு, மணி அடிக்க முந்தி எந்தப் பிள்ளைக்கு எது விளங்கல்ல எண்டு எனக்குத் தெரிய வந்ததா இல்லையா. இது ரெண்டும் இல்லாட்டி அது கரும்பலகைக்குக் கரண்ட் குடுத்த கணக்குத்தான்.

இது என்ட சொந்தக் கதை மட்டுமில்ல. பெரு நாட்டுல பிள்ளைக்கு ஒரு லெப்டொப் எண்டு கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்தாங்க, 319 ஆரம்பப் பள்ளிக்கூடங்கள எடுத்து ஒழுங்கா ஆய்வு செஞ்சு 2012ல வெளியிட்டாங்க. முந்தி எட்டு ஒம்பது பிள்ளைக்கு ஒரு கம்பியூட்டர் அளவு இருந்த இடத்துல ஆளுக்கு ஒண்டுக்கும் மேல வந்திட்டு. 15 மாசம் கழிச்சுப் பாத்தா கணக்குலயும் மொழியிலயும் புள்ளி கூடினதா ஒண்டும் காணல்ல. அதே நேரம் டெல்லியில பின்னேர வகுப்புல ஒரு மென்பொருள வச்சு செஞ்ச ஆய்வு 2019ல வந்த, அதுல நாலரை மாசத்துல கணக்கும் ஹிந்தியும் நல்லாவே முன்னுக்கு வந்திரிக்கு. ரெண்டும் கம்பியூட்டர்தான், அப்ப எங்க வித்தியாசம்? டெல்லியில அந்த மென்பொருள் பிள்ள எந்த வகுப்புல இரிக்கு எண்டு பாக்காம, பிள்ளைக்கு உண்மையில எது மட்டும் தெரியும் எண்டு பாத்து அங்க இருந்து துடங்கினது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூண்டாம் வகுப்புக் கணக்கு தெரியாட்டி அதைத்தான் குடுக்கும், அதோட சின்னக் குழுவா ஆக்கி ஒரு ஆளும் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தாங்க. பெருவுல பெட்டிய மட்டும் குடுத்தாங்க. நம்மட பக்கமும் பெட்டி குடுக்கிறது நல்லா நடக்கு, நாடா வெட்டி போட்டோ எடுத்துப் போடுறதும் நல்லா நடக்கு.

சரி, இனி உங்கட 34 பிள்ளையளோட என்ன செய்யலாம் எண்டு பாப்பம்.

வீடியோவ விட வேண்டாம், ஆனா முழுசாப் போடாதீங்க. மூண்டு நிமிசம் காணும். அதையும் நடுவுல நிப்பாட்டி, அடுத்து என்ன நடக்கும் எண்டு கொப்பியில எழுதச் சொல்லுங்க, வாயால சொல்ல விட்டா முன் வரிசை நாலு பேரும் சொல்லிருவாங்க மத்தாக்கள் தலையாட்டுவாங்க. எழுதின பிறகு ஓட விடுங்க. தான் ஒண்டு எழுதி அது பிழைச்சா பிள்ளைக்கு ஒரு சின்னக் கடுப்பு வரும் பாருங்க, அந்த இடத்துலதான் ஏன் எண்டு கேக்கத் துடங்கும். இன்னொரு வழி, சத்தத்த நிப்பாட்டிட்டு படத்த மட்டும் ஓட விட்டு பிள்ளையள விளக்கம் சொல்ல வைக்கிறது, சோடி சோடியா. முதல் நாள் சிரிப்பாங்க, போகப் போகச் சரியாகிரும்.

ஸ்லைட் செய்யிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. போர்ட்ல பந்தி பந்தியா எழுத்தப் போட்டிட்டு அதையே நீங்க வாசிச்சா பிள்ளைக்கு அது உதவி இல்ல, இடைஞ்சல். ரிச்சர்ட் மேயர் எண்ட அமெரிக்க உளவியல் பேராசிரியர் கனகாலமா இதைத்தான் ஆராய்ச்சி செஞ்சவரு, படமும் பேச்சும் சேந்தா நல்லது, அதோட அதே பேச்ச எழுத்தாயும் போட்டா மண்டை ரெண்டையும் ஒத்துப் பாக்கிறதுலயே களைச்சிரும். படத்தப் போடுங்க, நீங்க கதைங்க. முடிஞ்சிது.

யூடியூப்ல இருந்து எடுக்கக்குள்ள ஒரு விஷயத்துல கவனம். தமிழ் வீடியோ எண்டு தேடினா வாறதுல கூடுதலானது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், விளக்கம் நல்லாத்தான் இரிக்கும், ஆனா அவங்க நிறை எண்டு சொல்றது நம்மட புத்தகத்துல திணிவு, நம்மட நிறைய அவங்க எடை எண்டுவாங்க. கதியும் வேகமும் அப்பிடித்தான், அவங்கட வேகம் நம்மட கதி. ஆர்முடுகல் அங்க முடுக்கம். முடுக்கத்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா விளங்கிரும், ஆனா நிறை எண்ட சொல்லு ரெண்டு பக்கமும் இரிக்கு, கருத்து வேற, அதால பிள்ளைக்குக் குழப்பம் எண்டே தெரியாமக் குழம்பும், ஓ/எல்ல நியூட்டன் போட வேண்டிய இடத்துல கிலோகிராம் போட்டிட்டு வரும். அதனால போட முந்தி நீங்க ஒருக்கா முழுசாப் பாருங்க, அந்த இடத்துல சத்தத்தக் குறைச்சிட்டு நீங்க சொல்லுங்க.

இப்ப நான் உங்களுக்கு உண்மையாச் சொல்ல வந்த சாமான். அந்த ஸ்மார்ட் போர்ட்ட வீடியோ போடுறதுக்குப் பாவிக்கிறத விட கேள்வி போடுறதுக்குப் பாவிங்க. ஹாவர்ட்ல பௌதிகவியல் படிப்பிச்ச எரிக் மஸூர் எண்ட பேராசிரியர் 1991ல இருந்து செஞ்ச முறை இது. ஒரு கேள்வி, நாலு விடை, எல்லாரும் தனியா யோசிச்சு ஒரு விடையக் காட்ட வேணும், மறுகா பக்கத்துல இரிக்கிற ஆளோட கதைச்சு ஏன் அது எண்டு விளங்கப்படுத்த வேணும், மறுகா திரும்பவும் காட்ட வேணும். வகுப்புல பத்துல மூண்டு பேருக்கும் குறையச் சரியெண்டா கதைக்க விட்டு வேலையில்ல, நீங்க திருப்பிப் படிப்பிக்க வேணும், ஏழுக்கு மேல சரியெண்டா சுருக்கமாச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போங்க, இடையில வந்தாத்தான் கதைக்க விடுற. அங்க அவங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ரிமோட் மாதிரி ஒண்டு குடுத்தாங்க, நமக்கு அது தேவையில்ல, ஒரு ஏ4 தாள நாலா மடிச்சு ஏ பி சி டி எண்டு எழுதி நெஞ்சுக்கு நேர பிடிக்கச் சொன்னாக் காணும். கொஞ்சம் ஸ்டைலா வேணுமெண்டா பிளிக்கர்ஸ் எண்டு ஒரு ஆப் இரிக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கறுப்பு வெள்ளக் கட்டம் போட்ட அட்டை அச்சடிச்சுக் குடுக்கிற, பிள்ள அதை எந்தப் பக்கம் மேல வாற மாதிரிப் பிடிக்குதோ அதுதான் விடை, நீங்க உங்கட ஃபோன் கமராவால வகுப்ப ஒருக்காச் சுத்திப் பாத்தா ஆர் ஆர் என்ன சொன்னாங்க எண்டு பேரோட வரும். பிள்ளைக்கிட்ட ஃபோனே வேண்டாம். ஒவ்வொரு அட்டையும் வேற வேற வடிவம் எண்டதால பக்கத்து ஆளப் பாத்து அடிக்கவும் ஏலா, எனக்கு அதுல பிடிச்சதே அதுதான்.

கேள்வி நல்லா இரிக்க வேணும், அதுதான் கஷ்டம். வரைவிலக்கணம் கேக்காதீங்க. உதாரணத்துக்கு ஒண்டு சொல்றன். நல்ல முத்தின தேங்காயும் ஒரு குரும்பட்டியும் ஒரே உயரத்துல இருந்து ஒரே நேரம் விட்டா எது முதல்ல நிலத்துல படும்? ஏ தேங்காய், பி குரும்பட்டி, சி ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா, டி உயரத்தப் பொறுத்தது. பாதி வகுப்புக்கு மேல ஏ எண்டு காட்டும், தேங்காய் விழுற சத்தத்தக் கேட்டு வளந்த பிள்ளையள்தானே, பாரமானது கெதியா வரும் எண்டு அடிச்சுச் சொல்லும். கதைக்க விடுங்க, சண்டை வரும், வரட்டும். இனித்தான் ஃபோன். உங்கட ஃபோன்ல ஸ்லோ மோஷன் இரிக்கா பாருங்க, கனக்க ஃபோன்ல செக்கனுக்கு 120 இல்லாட்டி 240 படம் எடுக்கும். மாடிக் கட்டிடம் இரிந்தா மேல இருந்து, இல்லாட்டி ஒரு உயரமான பொடியன மேசைக்கு மேல ஏத்தி, கீழ மணலுல விடச் சொல்லுங்க, பிள்ளையள ஒதுக்கி நிப்பாட்டிட்டு. ஃபோன அசைக்காம கதிரையில சாச்சு வைங்க. அந்த வீடியோவ ஸ்மார்ட் போர்ட்ல போட்டு ஒவ்வொரு படமா நகத்துங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா வந்து படுறத 34 பேரும் பெரிசாப் பாப்பாங்க. ரெண்டரை மீற்றர் உயரமெண்டா விழ எடுக்கிறது 0.7 செக்கன் அளவு, கண்ணால பாத்தா சண்டை தீராது, 240 படத்துல எடுத்தா நூத்தி எழுவது படம் அளவு இரிக்கும், எண்ணிப் பாக்கலாம். மறுகா ஒரு பூவரசம் இலைய விட்டுப் பாருங்க, அது ஏன் அப்பிடி ஆடி ஆடி வருது எண்டு கேளுங்க, காத்துத் தடையப் பிள்ளையே சொல்லும். ஒரு பாடவேளை 40 நிமிசத்துக்குள்ள இது முடியும், போர்ட்டும் ஃபோனும் ரெண்டும் பாவிச்சாச்சு, அதிபரும் சந்தோசம்.

இதுக்கு அடுத்த படி பைபொக்ஸ் எண்ட ஆப். ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகம் 2016ல விட்டது, சும்மா கிடைக்கும், ஒருக்கா இறக்கினா நெட் தேவையில்ல. ஃபோனுக்குள்ள இரிக்கிற மைக், ஆர்முடுகல் உணரி, காந்த உணரி எல்லாத்தையும் அளக்கிற கருவியா மாத்தும். நம்மட பள்ளிக்கூட ஆய்வுகூடத்துல இரிக்கிற நிறுத்தற் கடிகாரத்துல பாதி ஓடாது, ஆனா ஸ்டாஃப் ரூம்ல இரிக்கிற ஒவ்வொரு ஃபோனும் ஒரு ஆய்வுகூடம். ஒலிட வேகம் அளக்கிறது இப்பிடி. ரெண்டு ஃபோன் எடுங்க, உங்கடயும் கணக்கு மிஸ்ஸிடயும். வராந்தாவுல அளவு நாடா வச்சு 5 மீற்றர் இடைவெளியில வைங்க. ரெண்டுலயும் சத்தத்துக்கு ஓடுற கடிகாரத்தத் திறங்க. முதல் ஃபோனுக்குப் பக்கத்துல ஒரு பிள்ள கை தட்ட ரெண்டு கடிகாரமும் ஓடத் துடங்கும், தூரத்துல இரிக்கிறது சத்தம் போய்ச் சேந்த பிறகுதான் துடங்கும். மறுகா மத்த ஃபோனுக்குப் பக்கத்துல இரிக்கிற பிள்ள தட்ட அது உடன நிக்கும், முதல் ஃபோன் கொஞ்சம் பிந்தி நிக்கும். ரெண்டு நேரத்துக்கும் இடையில உள்ள வித்தியாசம், சத்தம் 5 மீற்றர் போய் 5 மீற்றர் வந்த நேரம், அதாவது 10 மீற்றர். நம்மட 30 பாகை வெக்கையில ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் அளவு போகும், அப்ப வித்தியாசம் 0.029 செக்கன் அளவுல வர வேணும். பிள்ளைக்கு 340, 355, 362 எண்டு ஒவ்வொண்டா வரும். அது நல்லது, ஏன் ஒரே மாதிரி வரல்ல, சராசரி என்னத்துக்கு எடுக்கிற எண்டு புத்தகத்துல படிச்சது அப்பதான் உயிர் பெறும். ரோட்டுல ஆக்கள் மோட்டார் சைக்கிள் முறுக்கிற இடத்துல செய்யாதீங்க, கடிகாரம் அதுக்கெல்லாம் ஓடிரும், இடைவேளைக்கு முந்தின பாடவேளை நல்லம்.

அதே ஆப்ல ஒலிட அதிர்வெண் பாக்கிற இடம் இரிக்கு. பாடுமீன் எண்டு கல்லடிப் பாலத்தடியில வீடியோ எடுத்துப் போடாத ஆள் மட்டக்களப்புல இல்ல, அது கிடக்கட்டும், உங்கட ஊருல கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ஒராள் இரிப்பாரு. மத்தளத்த ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டரச் சொல்லுங்க. ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாத் தட்டி அதிர்வெண்ணப் பாருங்க, வித்தியாசமா வரும், ஏன் எண்டு தோலப் பத்தியும் இழுவிசையப் பத்தியும் அண்ணாவியாரே சொல்லுவாரு, அவரு பௌதிகவியல் எண்டு சொல்லமாட்டாரு அவ்வளவுதான். இதை நான் எங்க சொன்னாலும் ஆராவது சிலபஸ்ல இல்லையே எண்டுவாங்க. சுருதி அதிர்வெண்ணுல தங்கியிரிக்கு எண்டது சிலபஸ்லதான் இரிக்கு. காரைதீவுல பிறந்த விபுலானந்த அடிகள் சயன்ஸ் வாத்தியாரா இருந்து யாழ் எண்ட இசைக்கருவிட சுரத்தக் கணக்குப் போட்டுப் பாத்த ஆள், அவரு பேர் வச்ச மண்டபம் எங்கயும் இரிக்கு, அந்த வேலைய வகுப்புல காணல்ல.

மின் சுற்றுக்கு ஃபெட் எண்ட சிமுலேஷன். நோபல் பரிசு எடுத்த கார்ல் வீமன் 2002ல கொலராடோ பல்கலைக்கழகத்துல துடங்கினது. ஒவ்வொண்டையும் ஒரு கோப்பா இறக்கி பென் டிரைவ்ல போட்டு வச்சா நெட் இல்லாம ஓடும், சிலது தமிழிலயும் இரிக்கு. இலத்திரன் வயருக்குள்ள ஓடுறதக் கண்ணால காட்டும், அது உண்மைச் சாமான்ல ஏலா. ஆனா உண்மைச் சாமான விட்டிராதீங்க, டோர்ச் பல்ப், ரெண்டு பற்றரி, கொஞ்சம் வயர் கடையில வாங்கலாம். முதல்ல பிள்ள ஸ்மார்ட் போர்ட்ல வந்து சுற்றக் கட்டி, பல்ப் ரெண்டையும் தொடரா வச்சா வெளிச்சம் கூடுமா குறையுமா எண்டு சொல்லட்டும், மறுகா கையில கட்டிப் பாக்கட்டும். கையில கட்டினது எரியாட்டி அங்கதான் பாடமே, வயர்ட தோல் சீவல்லயா, பற்றரி செத்தா, தொடுப்பு விட்டிட்டா எண்டு தேட வேணும், சிமுலேஷன்ல பற்றரி சாகாது.

நெட் இல்ல எண்டு கவலைப்படாதீங்க, இல்லாததும் ஒரு வகையில நல்லம், விளம்பரம் வராது. கல்வி அமைச்சிட இ-தக்சலாவ தளத்துல இருந்தும், வெளியீட்டுத் திணைக்களத்துட தளத்துல இருந்தும் புத்தகங்களயும் பாடங்களயும் நெட் கிடைக்கிற இடத்துல இறக்கி வச்சுக்கொள்ளுங்க. கொஞ்சம் கம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் பள்ளிக்கூடத்துல இரிந்தா கொலிப்ரி எண்ட மென்பொருளப் போடச் சொல்லுங்க, பழைய லெப்டொப் ஒண்டுல போட்டு ஒரு ரவுட்டரக் கொழுவினா மத்த கம்பியூட்டர், டெப் எல்லாம் நெட் இல்லாம அதுல இருந்து எடுக்கும். தமிழ்ல உள்ளடக்கம் குறைவு, நம்மட பாடங்கள நாமதான் ஏத்த வேணும். கிவிக்ஸ் எண்டு இன்னொண்டு, தமிழ் விக்கிப்பீடியா முழுசையும் நெட் இல்லாம வாசிக்கலாம். கரண்டுக்கு எப்பவும் ரெண்டாவது வழி கையில இரிக்க வேணும், 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டின காலத்த மறந்திரிக்க மாட்டீங்க. மேல சொன்னதுல கேள்வியும் அட்டையும் தேங்காயும் கரண்ட் இல்லாமலும் ஓடும், அப்பிடியான பாடத்தையே முதல்ல தெரிஞ்செடுங்க. மாரி மழை காலத்துல மின்னல் துடங்கினா போர்ட்ட ப்ளக்க சுவர்ல இருந்தே கழட்டுங்க, நிப்பாட்டினா மட்டும் காணாது. வெள்ளம் ஏறுற வகுப்பெண்டா ப்ளக்க நிலத்துல விடாதீங்க.

இனி வீட்டுக்குப் போற ஃபோன். 2020 மார்ச்சுல பள்ளிக்கூடம் பூட்டினப்ப எல்லாரும் வட்ஸ்அப் குரூப் துடங்கினம், 2022ல எண்ணெய் இல்லாம இருந்தப்பவும் அதே குரூப்தான் திரும்ப ஓடின. அதுல நடந்தது என்ன, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பிடிஎஃப், ஒரு நாளைக்கு ஆறு ஏழு, ஃபோன் வாப்பாவோட வயலுக்கோ கடலுக்கோ போயிரும், ராவைக்கு வந்தா டேட்டா இரிக்காது, தாய் வெளிநாட்டுல எண்டா அம்மம்மாக்கு பிடிஎஃப் திறக்கத் தெரியாது. படுவான்கரையில சில ஊருல சிக்னலே வேப்ப மரத்தடியிலதான். இந்த நிலைக்குப் பொருத்தமான ஆய்வு ஒண்டு ஆபிரிக்காவுல பொட்ஸ்வானாவுல நடந்த, 2022ல வெளிவந்த, 4,500 அளவு வீடுகள். ஒரு பகுதிக்குக் கிழமைக்கு ஒருக்கா கணக்குக் குறுஞ்செய்தி மட்டும் போகும், இன்னொரு பகுதிக்கு அதோட ஒரு வாத்தியார் 15, 20 நிமிசம் கோல் எடுத்துப் பிள்ளையோட கதைப்பாரு. குறுஞ்செய்தி மட்டும் போன பிள்ளையளுக்கு சொல்லத்தக்க மாற்றம் இல்ல, கோல் எடுத்த பிள்ளையள் முன்னுக்கு வந்தாங்க. ஸ்மார்ட் ஃபோன் கூட வேண்டாம், பட்டன் ஃபோன் காணும்.

34 பேருக்கும் கிழமைக்குக் கோல் எடுக்க உங்களால ஏலா, தெரியும். வகுப்புல சரியாப் பின்னுக்கு நிக்கிற நாலஞ்சு பேர மட்டும் எடுங்க, அதுவும் ராவைக்கு ஏழரை எட்டு மணி போல, ஃபோன் வீட்டுக்கு வந்திரிக்கும். மத்தாக்களுக்கு பிடிஎஃப்புக்குப் பதிலா ஒரு நிமிச வொய்ஸ், டேட்டாவும் மிச்சம். பிள்ளையும் வொய்ஸ்லதான் பதில் சொல்ல வேணும், இன்டைக்குப் படிச்சத உங்கட தம்பிக்குச் சொல்ற மாதிரிச் சொல்லு எண்டு கேளுங்க. எழுத்துல பாத்தடிச்சு அனுப்பலாம், குரலுல பாத்தடிக்க ஏலா. அதை நேர உங்களுக்கு அனுப்பட்டும், குரூப்ல வேண்டாம், புள்ளியையும் குரூப்ல போடாதீங்க தங்கச்சி, ஊரே பாத்திட்டு இரிக்கும்.

சாட்ஜிபிடி. பிள்ளைக்குக் குடுக்கலாமா எண்டா, வெறுங்கையாக் குடுக்காதீங்க. துருக்கியில 1,000 பேர் அளவு உயர்நிலைப் பள்ளி மாணவர வச்சு கணக்குப் பாடத்துல செஞ்ச ஆய்வு ஒண்டு இரிக்கு. பயிற்சி செய்யக்குள்ள அதைப் பாவிச்ச பிள்ளையள் 48 வீதம் கூடச் செஞ்சாங்க, ஆனா பரீட்சையில அதை எடுத்திட்டா, அதைக் காணவே இல்லாத பிள்ளையள விட 17 வீதம் குறையச் செஞ்சாங்க. விடைய நேர சொல்லாம குறிப்பு மட்டும் சொல்ற மாதிரி மாத்தி வச்ச குழுவுக்கு அந்த அடி பெரும்பாலும் விழல்ல. நான் மேல சொன்ன கேள்வியேதான், மண்டை வேலைய ஆர் செய்யிறாங்க.

உங்களுக்கு அது உதவும், நல்லாவே உதவும். நாலு விடைக் கேள்வி செய்யிறதுல கஷ்டம் சரியான விடை இல்ல, பிள்ள நம்பிற மாதிரியான பிழை விடை. அதை அதுக்கிட்டக் கேளுங்க, ஒளித்தொகுப்புல பிள்ளையள் வழமையா என்னத்தப் பிழையா விளங்குவாங்க எண்டு, பத்துத் தரும், அதுல மூண்டு உங்கட வகுப்புல நீங்க காதால கேட்டதா இரிக்கும், அதை எடுத்து நீங்களே தமிழ்ல எழுதுங்க. தமிழ்ல அது எழுதிறத அப்பிடியே போட்டா ஒட்சிசன் ஆக்சிஜனா வரும், சில நேரம் விஷயமே பிழையா வரும், பிழைய அது தலை நிமிந்து சொல்லும். இதையே பாடமா ஆக்கலாம், அது தந்த விளக்கம் ஒண்ட போர்ட்ல போட்டு இதுல பிழை எங்க எண்டு புத்தகத்த வச்சுத் தேட விடுங்க. தரம் 10 பிள்ளையளுக்கு இதுல இரிக்கிற ஆசைய நீங்க பாக்க வேணும், மிஷினப் பிழை பிடிக்கிறதெண்டா ஆருக்குத்தான் கசக்கும்.

ஸ்மார்ட் போர்டே இல்லாம செய்யிற ஒண்ட மறக்க முந்தி சொல்லிர்றன், ஏனெண்டா மத்ததெல்லாத்தையும் விட இதுதான் புள்ளியக் கூட்டும். ஒவ்வொரு பாடமும் துடங்கக்குள்ள முதல் அஞ்சு நிமிசம் போன கிழமைப் பாடத்துல இருந்து மூண்டு கேள்வி, கொப்பி மூடி. ரோடிகர், கார்பிக் எண்டு ரெண்டு பேர் 2006ல செஞ்ச சோதனை, ஒரு பந்திய ரெண்டு தரம் வாசிச்ச ஆக்களுக்கு ஒரு கிழமை கழிச்சு 42 வீதம் ஞாபகம், ஒரு தரம் வாசிச்சு மறுகா பாக்காம எழுதிப் பாத்த ஆக்களுக்கு 56 வீதம். ஆனா அஞ்சு நிமிசத்துல கேட்டா திரும்ப வாசிச்ச ஆக்கள்தான் கூடச் சொன்னாங்க, அதனாலதான் பிள்ளையளும் தாய் தகப்பனும் வாசி வாசி எண்டு ஏமாறுற. உங்கட வகுப்புல ரெண்டு நாள் கழிச்சு ஒண்டும் வருதில்ல எண்டதுக்கும் பாதிக் காரணம் இதுதான், வீடியோவுக்குப் பிறகு பிள்ள அதை ஒருக்காலும் மண்டையில இருந்து திருப்பி எடுத்துப் பாக்கல்ல. மூண்டு கேள்வியையும் போர்ட்ல போட்டு வைங்க, நீங்க வரவு எடுக்கிற நேரத்துல பிள்ள எழுதி முடிச்சிரும்.

அதிபர எப்பிடிச் சமாளிக்கிற எண்டும் ஒரு வரி எழுதியிரிந்தீங்க. சண்டைக்குப் போகாதீங்க. ஒவ்வொரு நாளும் பாவிக்கிறன் எண்டே சொல்லுங்க, கேள்வி போடுறதும் பாவிக்கிறதுதானே. ஆசிரிய ஆலோசகர் வந்தா அவரையும் ஒரு அட்டையப் பிடிச்சுக் கொண்டு பின் வரிசையில இருக்கச் சொல்லுங்க, குரும்பட்டிக் கேள்வியப் போடுங்க. அவரும் ஏ காட்டினா நீங்க ஒண்டும் கதைக்க வேண்டாம். போர்ட் அறைத் திறப்பு மட்டும் ஒராள்ட கையில இரிக்க விடாதீங்க, அவரு லீவு எண்டா பாடமும் லீவு, வகுப்புத் தலைவருக்குத் திறந்து மூடிப் பழக்குங்க, பொடியங்க நம்மள விடக் கவனமாப் பாப்பாங்க.

பழைய மாணவர் இன்னும் தர விருப்பம் எண்டு அதிபர் சொன்னதா எழுதியிரிந்தீங்க. ரெண்டாவது போர்ட் கேக்காதீங்க. ஸ்லோ மோஷன் இரிக்கிற பாவிச்ச ஃபோன் நாலு, சிம் இல்லாம, ஒரு இன்வேட்டரும் பற்றரியும், ஒரு ரவுட்டர், ஒரு லேசர் பிரிண்டர், அதோட ஏ4 தாள் ஒரு வருசத்துக்கு. கடைசி ரெண்டும்தான் அவங்களுக்கு ஆச்சரியமா இரிக்கும், போட்டோவுக்கு நல்லா வராது எண்டு சொல்லுவாங்க, விடாதீங்க. எந்த அலகு இப்ப துடங்கிறீங்க எண்டு எழுதுங்க, அதுக்கு நாலு விடைக் கேள்வி கொஞ்சம் என்ட பென்ல இரிக்கு, அனுப்பிறன்.